செக்கச்செவேல் வயல்

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. முதல்லயே சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எந்த வயலுக்குத் தண்ணீர் அவசரம் என்று சொல்வதுதான் பாசன அலுவலகத்தில் என் வேலை. செழிப்பான பயிர், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை மேலே வாரி அடிக்கும். செயற்கைக்கோள் அதைப் பிடிக்கும். திரையில் அதற்கு நாங்கள் சிவப்பு பூசுவோம். எங்களுக்குச் சிவப்பு என்றால் பயிர் பச்சைப்பசேல்.

போன மாதம் அக்கா வீட்டுக்காரர் நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "மாப்ளே, சோளம் சுருண்டு போச்சு. இந்தத் தடவை எங்க பக்கம் மதகைத் திறக்கச் சொல்லேன்."

படத்தைத் திறந்தேன். அவர் வயல் செக்கச்செவேல் என்று இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொந்தக்காரன் என்றால் இளிச்சவாயன் என்று நினைப்பா? எட்டுப் பேர் பார்க்க, "அத்தான், அது எழுநூறு கிலோமீட்டர் மேல இருந்து பார்க்குது. அதுக்கே காது குத்தாதீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பாவம். தண்ணீர் வேறு பக்கம் போனது.

நேற்று புதுப் படம் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதைத் திறந்தேன். வறட்சி வரைபடத்துக்காகப் பக்கத்து மேசைக்காரி அதில் வேறொரு ஒளிக்குச் சிவப்பு கொடுத்திருந்தாள். காய்ந்த மண் திருப்பி அடிக்கிற ஒளி. ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தாள். நான்தான் படிக்கவில்லை. அப்படியென்றால் அத்தான் வயல் அன்றைக்கே காய்ந்துதான் கிடந்திருக்கிறது.

இன்று காலையில் போனேன். அத்தான் வயலில் நின்றுகொண்டிருந்தார். சோளத்தட்டை தொட்டாலே நொறுங்கியது. தப்பு என்னுடையது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"மறுபடி வந்து என் சட்டையைப் பிடிச்சிருக்கலாமே, அத்தான்?"

"கிளம்பினேன். உங்கக்கா விடலை. 'தம்பி படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். முதல்ல உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னா. எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. போய்க் காட்டினேன்." சட்டைப்பையிலிருந்து மருத்துவச் சீட்டை எடுத்து நீட்டினார். "கண்ணு நல்லாத்தான் இருக்காம், மாப்ளே. அதுக்குள்ள சோளம் போயிடுச்சு."

அதைக் கையில் வாங்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.