கூடத்தைப் பார்த்த அடுப்படி

டோரதி கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த நாளிலிருந்தே அந்த வீட்டு அடுப்படி அப்படித்தான். உள்ளே நிற்பவளுக்குக் கூடத்துப் பேச்செல்லாம் கேட்கும், ஒரு முகமும் தெரியாது. நடுவில் சுவர். வாசலும் நடையைப் பார்த்து இருந்தது.

அவள் புருஷன் சவரிநாதன் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். சீட்டு, கேரம், ஊர்க்கதை. டோரதி உள்ளே வஞ்சிரம் வறுத்துக்கொண்டே, யார் ஜெயித்தது, யார் முறைத்துக்கொண்டது என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பாள். எல்லாக் குரலுக்கும் மேலே செல்வத்தின் சிரிப்பு கேட்கும். அவள் தட்டோடு போய் நின்றால் பேச்சு அடங்கிவிடும். "மீனு சூப்பர் அண்ணி" என்பார்கள். அவள் நடைக்குத் திரும்பிய பிறகுதான் மறுபடி ஆரம்பிக்கும்.

அவளுக்கு அவர்கள் மேல் கோபம் கிடையாது. சிரிப்பு வெடிக்கிற நேரத்தில் தானும் அங்கே இருந்தால் எப்படியிருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்வாள். வருஷக்கணக்கில் நினைத்தாள்.

தோஹாவில் நர்ஸாக இருக்கும் மகள் ரேச்சல்தான் போனில் பேச்சை எடுத்தாள். "பின்னால தொவைக்கிற எடத்த வளைச்சு ஒரு ரூம் போட்ருங்க மம்மி. பசங்களோட வந்தா படுக்க எடம் வேணாமா? அப்பிடியே கிச்சன் செவுத்தையும் இடிச்சுரு. எத்தினி நாளு அந்த இருட்டுல நிப்ப?"

சவரிநாதன் முனகினார். "செவுரு போச்சின்னா மீன் கவுச்சி பூரா ஹாலுக்கு வரும்."

"வரட்டும்" என்றாள் டோரதி. அவருக்கு இவ்வளவு சுருக்கமாக அவள் பதில் சொன்னதே இல்லை.

மேஸ்திரி ரஷீது பாய் ஆட்களோடு வந்தார். பின்பக்கம் அறை எழும்பியதும் அடுப்படிச் சுவரில் கை வைத்தார்கள். இடுப்பளவு விட்டுவிட்டு மிச்சத்தை இடித்தார்கள். தூசு அடங்கியதும் டோரதி செங்கல் துண்டுகளைத் தாண்டிப்போய், அடுப்பு வரப்போகிற இடத்தில் நின்று பார்த்தாள். கூடம் முழுவதும் தெரிந்தது. திருஇருதயப் படம், சோபா, திறந்திருந்த வாசல், தெருவில் போன ஐஸ் வண்டிகூடத் தெரிந்தது.

ஆள்தான் ஒருவரும் இல்லை.

செல்வம் கொரோனாவில் போய்விட்டார். ஒருவர் மகனோடு மீஞ்சூருக்குப் போனார். இன்னொரு கூட்டாளி ஜெயக்கொடி மணலி புதுநகரில் வீடு கட்டிக்கொண்டு போனதோடு சரி, பண்டிகைக்குப் பண்டிகை போன். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் சுவர் போகும், கூடம் தெரியும் என்று நினைத்தபோதெல்லாம், அவர்கள் அங்கே சீட்டோடு உட்கார்ந்திருப்பதாகவே அவள் மனம் வைத்திருந்தது.

"இன்னாமா, நெனச்ச மாரி வந்துகீதா?" என்றார் ரஷீது பாய்.

"வந்துகீது பாய்" என்றாள்.

மேடைக்குக் கருப்பு கிரானைட் போட்டு, அடுப்பைக் கூடத்தைப் பார்த்து வைத்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை சவரிநாதன் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். டோரதி மேடைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"ஏங்க, ரேச்சல் கைக்கொழந்தையா இருந்தப்போ ஒரு மழைநாளு. கரெண்டு இல்ல. நீங்கல்லாம் சிரிச்சீங்க பாருங்க, தெருவே திரும்பிப் பாத்துச்சு. மழச் சத்தத்துல எனக்குப் பேச்சு கேக்கல. நான் வந்தேன், கப்சிப்னு ஆயிட்டீங்க. அது இன்னா சிரிப்பு?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். வெகுநேரம் யோசித்தார். "தெர்லயே. இத்தினி நாளு மன்சுல வச்சினு இருந்தியா?" என்றார். பிறகு தானாகவே ஜெயக்கொடிக்குப் போன் போட்டார். அவருக்கும் நினைவில்லை. "நேர்ல வர்றேன் மாமு, பேசினா வந்துரும்" என்றாராம்.

அடுத்த வாரம் ஜெயக்கொடி வந்தார். டோல்கேட் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. முட்டி வலி என்று சோபாவில் உட்காராமல் நாற்காலியை மேடையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மழைநாள் கதை கடைசிவரை வரவில்லை.

"செல்வத்துக்குத் தெரியும் அண்ணி. அவன்தான் சொல்லிருப்பான். அவன் வாயத் தொறந்தா கலீஜாதான் வரும். நீங்க உள்ள கீறீங்கன்னு நாங்க கொரல எறக்கிப் பேசுவோம்."

"எறக்கி இன்னா?" என்றாள் டோரதி, மீனைத் திருப்பிப் போட்டபடி. "எனக்கு எல்லாம் கேட்டுச்சு. அவரு சொன்ன கெட்ட வார்த்த அத்தினியும்."

இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சவரிநாதன் காது சிவந்துவிட்டது. பிறகு ஜெயக்கொடி சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, தண்ணீர் குடித்து மறுபடி சிரித்தார். டோரதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெரிய இடத்துக்கு மூன்று பேர் சிரிப்பு போதவில்லை என்று தோன்றியது.

ஜெயக்கொடி கிளம்பிய பிறகு பாத்திரங்களை ஒழித்துப் போட்டாள். இத்தனை வருஷம் கேட்ட செல்வத்தின் சிரிப்புக்கு ஒரு முகம் வைத்துப் பார்க்க முயன்றாள். வரவில்லை. அவள் தட்டோடு போகும்போதெல்லாம் அந்த மனிதர் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏங்க, செல்வண்ணன் சிரிச்சா எப்பிடி இருப்பாரு?"

படுக்கப் போன சவரிநாதன் நின்றார். "கண்ணு ரெண்டும் மூடிக்கும். தொடைய தட்டுவான். அவன் தொடைய இல்ல, பக்கத்துல கீறவன் தொடைய. தோளு ரெண்டும் இப்பிடி குலுங்கும்."

சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடித் தோளைக் குலுக்கிக் காட்டினார். டோரதி குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு மேடைமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.