மூன்று பேர் இருக்கும் படம்

குணவதி கணவரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, படமெடுக்க வந்திருந்த முஸ்தஃபா அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளைச் செருகினான். பினாங்கு ஃபெர்ரியில் வடம் இழுத்த உடம்பு. இப்போது தூக்குவதற்கு ஒரு கையே போதும் போலிருந்தது.

"அங்கிள், வலிக்குதா?"

வேலு கண்ணை மூடித் திறந்தார். இல்லை என்று அர்த்தம். பேச்சு நின்றுபோய்ச் சில நாட்களாகிவிட்டன.

மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியபோதே மனிதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மகளை மாலையும் கழுத்துமாகப் பார்க்காமல் போகமாட்டேன். எமனுக்கே தவணை சொன்ன ஆள். அதற்காகத்தான் கல்யாணத்தையும் இன்றைக்கே முன்னுக்கு இழுத்தார்கள். கோயிலுக்கு அவரைத் தூக்கிப் போக வழியில்லை. அதனால் தோட்டத்தில் எடுக்க வேண்டிய மணப்பெண் படங்களை, டத்தோ கிராமாட் சாலையிலிருந்த வீட்டின் இந்தப் படுக்கையறையிலேயே எடுக்கலாம் என்று மகள் ரூபினி சொல்லிவிட்டாள்.

குணவதிக்கு உள்ளே வேறொரு பயமும் இருந்தது. வேலுவின் அண்ணன் மனைவி லோகேஸ்வரி, முந்தாநாள் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்கோ நாளைக்கோ ஏதாச்சும் ஆயிட்டா, அப்புறம் எப்பக் கல்யாணம் வச்சாலும் நீ பொண்ணு பக்கத்துல நிக்க முடியாது குணா. நான் நின்னுக்கிறேன் லா, கவலப்படாத."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் குத்தியது. அன்றிலிருந்து குணவதி சாமிப்படத்தின் முன் நின்றால், இவருக்காக வேண்டுகிறோமா நமக்காக வேண்டுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இன்று மட்டும் தாண்டட்டும், தாயே. கேட்டதற்குக் கூச்சமாகவும் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ரூபினி வந்தாள். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, படத்துக்கென்று வாங்கிய ரோஜா மாலை. வேலுவின் கண்கள் அகலமாகத் திறந்தன. அவை அப்படித் திறந்து குணவதி பார்த்து வெகுநாளாயிற்று. ரூபினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

முஸ்தஃபா யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டான். "சிரிங்கன்னா பல்லுதான் ஆன்ட்டி வரும், மொகம் வராது," என்பான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வான். விடும்போது முகம் இளகும். அந்த நொடியில் அமுக்குவான்.

"தங்கச்சி, அப்பாவப் பாருங்க. மூச்ச இழுங்க… அப்படியே வைங்க… விடுங்க."

வாசற்படியில் நின்ற குணவதி பார்த்தாள். வேலுவின் நெஞ்சும் கூடவே ஏறி இறங்கியது. டாக்டர் பேச்சையும் கேட்டதில்லை, கட்டியவள் பேச்சையும் கேட்டதில்லை, இன்று படமெடுப்பவன் சொன்னதைக் கேட்கிறாரே! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொன்னு. இழுங்க…"

நெஞ்சு ஏறியது. கண்கள் மகளைவிட்டு அசையவில்லை.

"வைங்க… விடுங்க."

நீளமாக, அவசரமில்லாமல், மூச்சு வெளியே போயிற்று.

"பிரமாதம் அங்கிள்! கண்ணுகூடச் சிமிட்டல!" என்றான் முஸ்தஃபா, கேமராவின் திரையைப் பார்த்தபடியே.

குணவதி அந்த நெஞ்சு மறுபடி ஏறுவதற்காகக் காத்திருந்தாள். ஏறவில்லை. கத்த வாயெடுத்தாள். அப்போது ரூபினி திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். பிடித்திருந்த கையை இன்னும் விடவில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கத்தவில்லை, அம்மாவையும் கத்தவிடவில்லை அந்தப் பார்வை.

"மா, வாங்க. நீங்களும் நில்லுங்க."

"ரூபி…"

"ஒரே ஒரு படம் மா. நாம மூணு பேரும்."

முஸ்தஃபா இப்போதுதான் தலையைத் தூக்கினான். கட்டிலைப் பார்த்தான். கேமரா அவன் கையில் தாழ்ந்தது.

"அண்ணே, எடுங்க," என்றாள் ரூபினி.

கூடத்திலிருந்து லோகேஸ்வரியின் குரல் வந்தது. "முடிஞ்சிருச்சா? கோயிலுக்குப் போற காடி வாசல்ல வந்து நிக்குது லா, மாப்பிள்ள வீட்டுல எல்லாம் கோயிலுக்குப் போயிட்டாங்களாம்!"

"வரோம் பெரியம்மா!"

குரலில் ஒரு பிசிறு இல்லை. குணவதி எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரூபினி எழுந்து, கட்டிலருகே இருந்த மங்கலத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அம்மாவின் நெற்றியிலும் வகிட்டிலும் அழுத்தி வைத்தாள். பின்னால் சரிந்திருந்த மல்லிகையைத் தோளுக்கு முன்னால் இழுத்துவிட்டாள். காதருகே குனிந்து, "பெரியம்மா அன்னிக்குச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு மா," என்றாள்.

நேற்றுவரை புடவை மடிக்கத் தெரியவில்லை என்று திட்டு வாங்கிய பெண். இவளையா நான் பெற்றேன்? இந்தத் தைரியத்தை இவள் எங்கே வைத்திருந்தாள்? கர்ப்பக்கிரகத்துக் கதவு திறக்கும்போது தன்னால் எழும்பும் கைகளைப்போல அவள் கைகள் எழும்பப் பார்த்தன. அடக்கிக்கொண்டு, கட்டிலின் மறுபக்கம் போய்க் கணவரின் தோளில் கைவைத்து நின்றாள். தோளில் இன்னும் சூடு இருந்தது.

முஸ்தஃபா இந்த முறை மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் அவன் உதடுகள் மட்டும் எதையோ ஓதின. வெகுநேரம் குறிபார்த்து, ஒரே ஒரு படம் எடுத்தான்.

"இப்ப அழுங்கம்மா," என்றாள் ரூபினி.

ஆனால் குணவதிக்கு உடனே அழுகை வரவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபினி மாலை தொங்கக் குனிந்து, வலது கையால் அப்பாவின் இமைகளை மூடினாள். அவள் விரல்நுனியில் இருந்த குங்குமம் இரண்டு இமைகளிலும் கொஞ்சம் ஒட்டியது. அதைத் துடைக்கக் குணவதி முந்தானையை எடுத்தாள். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள்.