அம்மை குத்த வந்த அத்தான்

தேனி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வைகுண்டராஜுக்கு ஆதித்தன் என்ற பெயர் முன்பே தெரியும். மனைவி சொர்ணலதாவின் சொந்த அத்தை மகன், தேவதானப்பட்டிக்காரன். ஒரு காலத்தில் அவளை அவனுக்குக் கொடுப்பதாகத்தான் இருந்தது. அவனுக்கு வேலை இல்லை என்று பேச்சு நின்றுபோய், வைகுண்டராஜுக்கு அவள் வாய்த்தாள். பெயராக மட்டும் இருந்தவரை அது அவனை உறுத்தவில்லை. தேர்தல் முடிந்த அந்தக் கோடையில் ஆள் நேரிலேயே வந்து நின்றான், அம்மை குத்துகிற அரசாங்க உத்தியோகத்தோடு.

மாவட்டத்தில் பெரியம்மை தலைகாட்டியிருந்தது. வீடு விடாமல் குத்த வேண்டும், ஒருவருக்குக் கண்டால் அவர் எங்கே போனார், யாரோடு இருந்தார் என்று தேடிப்பிடித்து அத்தனை பேருக்கும் குத்த வேண்டும் என்பது உத்தரவு.

"சொர்ணம், கையைக் காட்டு" என்றான் ஆதித்தன். அவள் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நீட்டினாள். அவன் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அம்மைப்பாலை ஒரு சொட்டு வைத்துக் கருவியைத் திருகினான். வலித்திருக்க வேண்டும். "ஸ்" என்றவள் உடனே சிரித்தாள்.

"அத்தான், ஒங்களுக்கு இந்தப் பாவம் சும்மா விடாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னிடம் இப்படி ஒரு சிரிப்பு சிரித்திருக்கிறாளா என்று வைகுண்டராஜ் யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க?"

"எனக்குச் சின்ன வயசுலயே குத்தியாச்சு."

"அதெல்லாம் இத்தன வருசம் தாங்காது அண்ணாச்சி."

"வேண்டாம்னா விடுப்பா."

அவன் கையால் தன் உடம்பில் ஒரு கீறலும் விழக்கூடாது என்றிருந்தது.

குத்தின இடம் கொப்புளித்திருக்கிறதா என்று பார்க்க ஆதித்தன் மறுபடி வந்தான். அவளுடைய கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கு, சொறிஞ்சிராத" என்றான். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கூடுதலாகப் போட்டாளோ என்று வைகுண்டராஜ் டம்ளரின் அடியைக்கூடப் பார்த்தான். அதற்கப்புறம் அவனுக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தை அளந்தான்.

ஒருநாள் காலையில் சொர்ணலதா வீரபாண்டிக் கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் ஆதித்தனின் சைக்கிள் அதே சாலையில் போனது. வைகுண்டராஜ் கடையைப் பூட்டினான். பக்கத்துக் கடையில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே மிதித்தான்.

ஆதித்தன் கோயில் பக்கம் போகவில்லை. ஆற்றோரமாகச் செங்கல் சுடுகிற காளவாசலுக்குத் திரும்பினான். அங்கே கூலிக்கு வந்தவர்களின் குடிசைகள் வரிசையாக இருந்தன. ஆட்களைக் கூப்பிட்டுக் குத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று இந்தப் பக்கம் திரும்பவும், வைகுண்டராஜ் சைக்கிளைச் செடிக்குள் தள்ளிவிட்டுக் கடைசிக் குடிசைக்குள் நுழைந்துவிட்டான்.

உள்ளே வேப்பிலை வாசனை. வாழையிலையில் ஒரு சிறுமி படுத்திருந்தாள். முகத்தில் இடமில்லாமல் அம்மை முத்துக்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய் பதறி எழுந்து கதவை மறித்தாள்.

"அய்யா, ஆத்தா எறங்கியிருக்கா. அந்தக் குத்துற ஆளுட்டச் சொல்லிராதீக. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாக."

"நான் சொல்லல. நான் இங்கன வந்ததையும் நீ யார்ட்டயும் சொல்லாத."

ஆதித்தன் போகும்வரை அவன் அங்கேயே சிறுமியின் பக்கத்தில் குந்தியிருந்தான். வீட்டுக்கு வந்தபோது சொர்ணலதா கோயில் குங்குமத்தோடு அடுப்படியில் இருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் ஆதித்தன் கணக்கில்தான் எழுதினான்.

பிறகு காய்ச்சல் வந்தது. முதுகு ஒடிகிற வலி. மூன்றாம் நாளே முகத்தில் தடித்தது. ஆதித்தனே வந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, போன ரெண்டு வாரத்துல எங்கெங்க போனீக?"

"கடை. வீடு."

"வேற எங்கயும் போகலையா? தேனிக்குள்ள வேற யாருக்கும் இல்லையே."

"போகலன்னு சொல்றேன்ல."

வாசலில் காவலுக்கு ஆள் போட்டார்கள். தெருவுக்கும் கடைக்கு வந்துபோனவர்களுக்கும் தேடித்தேடிக் குத்தினார்கள். குத்தியது நன்றாக எடுத்திருந்ததால் சொர்ணலதா அவன் பக்கத்திலேயே இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், ஈரத்துணியால் துடைத்தாள். பின்கட்டில் படுத்தபடி வைகுண்டராஜ் தினமும் வாசலுக்குக் காது கொடுத்தான். ஆதித்தன் வருவான்.

"கஞ்சி குடிச்சாகளா?"

"ரெண்டு வாய்."

"நீ சாப்பிட்டியா?"

இந்தக் கடைசிக் கேள்வியை வைத்துக்கொண்டு வைகுண்டராஜ் பகல் முழுவதும் வெந்தான். அவன் எதற்கு அதைக் கேட்க வேண்டும்? அவள் என்ன தலையாட்டினாள்? தான் செத்துப்போனால் இரண்டு பேருக்கும் வசதிதான் என்றுகூட நினைத்தான்.

பிறகொரு நாள் ஆதித்தனின் குரல் சோர்ந்து கேட்டது. "எங்கயோ ஒரு வீட்டுல ஒளிச்சு வச்சிருக்காக, சொர்ணம். அங்க கைப்பிள்ள இருந்தாத் தாங்காது. அண்ணாச்சி வாயத் தெறக்காமக் கண்டுபிடிக்க முடியாது."

அந்தத் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை வைகுண்டராஜின் நினைவுக்கு வந்தது. சொல்லிவிடலாம். சொன்னால், அங்கே எதற்குப் போனாய் என்பார்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சொர்ணலதாவிடம், "அவன உள்ள வரச் சொல்லு" என்றான்.

ஆதித்தன் கட்டிலருகே வந்து நின்றான். அவள் கால்மாட்டில் நின்றாள்.

"காளவாசல்ல கடைசிக் குடிசை. ஒரு பொம்பளப்பிள்ள படுத்திருக்கு. கைப்பிள்ளையும் இருக்கு."

"அங்கன நீங்க எதுக்குப் போனீக?"

"ஒன் பின்னாடி வந்தேன்."

"என் பின்னாடியா? எதுக்கு அண்ணாச்சி?"

 வைகுண்டராஜின் கண் சொர்ணலதா பக்கம் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆதித்தனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வெளியே போனான்.

அன்று மத்தியானமே திரும்பி வந்து வாசலில் நின்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. "குடிசையத் தெறக்க மாட்டேங்கிறாக. பொம்பள யாராவது வந்து பேசினாத்தான் ஆகும். எங்க ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒன்னக் கேக்கச் சொன்னார். குளிச்சு, துணி மாத்திட்டு வரலாமாம்."

சொர்ணலதா புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளித்தாள், வெளுத்த சேலை கட்டினாள், போனாள்.

பொழுது சாயத் திரும்பி வந்து பின்கட்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மூத்த பிள்ள எந்திரிச்சிரும். கைப்பிள்ள நேத்தே போயிருச்சு."

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"அந்தப் பொம்பள பேரு மொக்கம்மா. ஒங்கள விசாரிச்சா. யார்ட்டயும் சொல்லாம இருந்தீகளாம். நல்ல மனுசன்னு சொல்லி அழுதா."

அதைச் சொல்லிவிட்டு அவள் கஞ்சி வைக்கப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் ஏதாவது திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காளவாசலில் இன்னும் மூன்று பேருக்குக் கண்டு, அதோடு நின்றது. வைகுண்டராஜ் பிழைத்தான். முகம் முழுவதும் குழி. பெண்கள் ஆண்களிடம் கை நீட்டத் தயங்குகிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டதால், பெரியகுளம் பக்கத்து ஊர்களுக்கும் சொர்ணலதா ஆதித்தனோடு போய்வர ஆரம்பித்தாள். காலை பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம் வருவாள். எந்த ஊர், எத்தனை வீடு என்று கேட்டால் சொல்வாள். அதற்கு மேல் அவனால் கேட்க முடியவில்லை. 

ஒருநாள் கடைக்கு வந்த கஸ்தூரியம்மாள், "எங்க, வீட்டுல ஆளக் காணோம்?" என்று கேட்டாள்.

"ஊசி குத்தப் போயிருக்கா."

"தனியாவா?"

வைகுண்டராஜ் தராசில் வெல்லத்தை வைத்தான். முள் ஆடி நிற்கும்வரை அதையே பார்த்தான்.

"அவ அத்தான் கூட" என்றான்.  வெல்லத்தைப் பொட்டலம் கட்டி நீட்டிவிட்டு, அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டான்.