லைம் போட்ட சோளம்

சனிக்கிழமை பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இராசமணி தோட்டத்து லயத்து வீட்டுக்குள் காலை வைக்கும்போதே ஃபோன் அடித்தது. ஜஸீல்தான். எல்ல டவுனில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற சின்ன ஹோட்டல் அவருடையது.

"அக்கா, மெக்சிகோவுல இருந்து ரெண்டு பேரு வந்து ஈக்காங்க. அவங்க ஊரு சோள ரொட்டி வேணுமாம். கோதும மா ஒரு பிடி சேரக்கூடாது. காஞ்ச சோளத்த லைம் போட்டு அவிச்சு, ஊற வச்சு, அரைச்சுத் தட்டணும். திங்கக்கெழம பகல் சாப்பாட்டுக்குக் கொண்டாங்க. சரியா வந்தா குசினி வேல ஒங்களுக்குத்தான்."

ஹோட்டல் குசினியில் சமையல் வேலை! அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன மழையில் கொழுந்து மலையில் சறுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு முழங்கால் சரியில்லை. ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்ளலாம், இறங்கும்போதுதான் உயிர் போகும். குசினி என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும்தான். ஆனால் சமமான தரையில் நிற்கலாம்.

ஞாயிறு விடிந்ததும் பண்டாரவளைச் சந்தைக்கு ஓடினாள். "கோழிக்காம்மா?" என்று சோளக் கடைக்காரர் கேட்டார். "ஆளுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு பை தேசிக்காயும் வாங்கினாள். லைம் என்றால் தேசிக்காய்தானே, லைம் ஜூஸ் எதில் போடுவார்கள் என்று தெரியாதவளா அவள்?

பாதிச் சோளத்தைத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து அவித்தாள். மூடியைத் திறப்பாள், மூடுவாள், வாசலுக்குப் போவாள், திரும்பி வந்து திறப்பாள். விறகு தீர்ந்ததே தவிர சோளத்தின் தோல் அசையவில்லை. பொறுக்க மாட்டாமல் அம்மியில் வைத்து அரைத்துத் தட்டினாள். ரொட்டிக்கல்லில் போட்டதும் ரொட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

புருஷன் சிவஞானம் கதவோரம் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்திருந்தான்.

"புட்டுக்கொழல எடுத்துட்டு வரவா?"

"வாய மூடுங்க. அவரு லைம் போடச் சொன்னாரு, நானும் போட்டேன். அப்பறம் ஏன் ஒட்டமாட்டேங்குது?"

"தேசிக்காய் பத்தலயோ என்னமோ. லயத்தையே தூக்கிப் போட்டு அவி."

"ஆமா, இந்த லயத்துல வேற என்னா இருக்கு, செவத்துச் சுண்ணாம்புதான் மிச்சம்!"

சிவஞானம் மெல்லுவதை நிறுத்தினான். தோட்டத்து லயங்களுக்கெல்லாம் வெள்ளையடித்தவன் அவன்.

"ஏ புள்ள, ஸ்டோர் ஐயா சுண்ணாம்பு மூட்டய லைம் மூட்டைன்னுதான சொல்லுவாரு?"

"அதுக்கு? வெள்ளையடிக்கிறதப் போட்டு ஆளக் கொல்லச் சொல்றீங்களா?"

"அது எதுக்கு? நான் தெனம் தின்னுக்கிட்டுத்தான இருக்கேன்?" என்று வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினான்.

வாங்கவும் பயம், விடவும் பயம். கடைசியில் டப்பாவை வழித்துத் தண்ணீரில் கரைத்து, மீதிச் சோளத்தைப் போட்டு அவித்தாள். சற்று நேரத்தில் சோளம் மஞ்சள் ஏறி, புதுச்சுவர் வாசம் கிளம்பியது. அப்படியே ஊறப் போட்டாள். அன்றைக்கு அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது.

திங்கள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவது லயம்வரை கேட்டது. "இராசமணி!" என்றார். பிறகு இன்னொரு தடவை. இவள் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குந்தியபடி சோளத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தோல் வழவழவென்று கழன்று தண்ணீரோடு ஓடியது. கை நிற்கவில்லை, ஆனாலும் மூன்றாம் தடவை கூப்பிட்டால் எழுந்து ஓடிவிடுவோமோ என்று அவளுக்கே சந்தேகம்.

அரைத்த மா களிமண்போல் ஒட்டியது. பிளாஸ்டிக் சொப்பிங் பையை இரண்டாகக் கிழித்து நடுவில் உருண்டையை வைத்து, தட்டால் அமுக்கினாள். கல்லில் போட்டுத் திருப்பியதும் ரொட்டி தவளை வயிறு மாதிரி உப்பியது. "பாருங்க! பாருங்க!" என்று கத்தினாள். சிவஞானம் எட்டிப் பார்ப்பதற்குள் அது அமுங்கிவிட்டது.

துணியில் சுற்றி, மிச்சத் தேசிக்காய் கிடந்த பையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஹோட்டலில் மெக்சிகோக்காரர் ஒரு ரொட்டியை முகர்ந்தார், மடித்தார், கடித்தார். மென்றுகொண்டே அவளைப் பார்த்து, "லைம்?" என்றார்.

சுண்ணாம்பைத்தான் சொல்கிறார் என்று இராசமணி நினைத்துக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்டாரே! "கொஞ்சந்தாங்க... வெத்தலைக்குப் போடுறதுதான்... மூணு தண்ணி மாத்திக் கழுவிட்டேன்..."

ஜஸீல் சிரித்துவிட்டார். "ஐயோ அக்கா, தேசிக்காய் ஈக்கான்னு கேக்குறார். மேல பிழிஞ்சு தின்ன!"

இராசமணி பைக்குள் கையை விட்டு ஒரு தேசிக்காயை எடுத்து நீட்டினாள். அவர் பிழிந்துகொண்டு அடுத்த ரொட்டிக்குக் கை நீட்டினார். ஜஸீலும் ஒன்றை எடுத்துத் தின்று பார்த்துவிட்டு, "நாளைக்கு விடிய வந்துருங்க" என்றார்.

பஸ் வரும்வரை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சிவஞானம் ஃபோனில் கூப்பிட்டான்.

"என்னா புள்ள ஆச்சு?"

"லைம் கேட்டாங்க."

"எந்த லைம்?"

"ரெண்டுந்தான். நாளையிலருந்து பெரட்டுல என் பேரக் கூப்பிட வேணாம்னு கங்காணிகிட்ட சொல்லிருங்க."