வின்சென்ட் கொல்லையில் பூத்த பூ

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து பிரதாப் காணாமல் போன மூன்றாம் நாள் காலை, ஊருக்குள் பிணவாடை வந்தது. ஏரியில் தேடிக்கொண்டிருந்தவர்கள் கரையேறி, வாடை வந்த பக்கம் ஓடினார்கள். அது வின்சென்ட்டின் கொல்லையில், ஒரு பூந்தொட்டியிலிருந்து வந்தது.

வின்சென்ட் மீஞ்சூருக்கு வேலைக்குப் போகிறவன். ஆசைக்குக் கிழங்குச் செடிகள் வளர்ப்பான். இலையே இல்லாமல், கிழங்கிலிருந்து நேராகக் கருஞ்சிவப்பில் ஒரு பூ எழும்பியிருந்தது. அவனுக்குக் கிழங்கை விற்றவன் பூவின் அழகை அளந்து அளந்து சொன்னானே தவிர, நாற்றத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நல்ல வியாபாரி.

"இன்னாடா பூ இது?" என்றார் படகுக்காரர் பொன்னுரங்கம்.

"ஈயக் கூப்புடத்தாண்ணா இப்டி நாறுது," என்றான் வின்சென்ட்.

"ஈயோட சேத்து ஊரையே கூப்ட்டுச்சே."

பிரதாப்பின் மனைவி ரோஸ்மேரி பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அது அவரு இல்ல," என்று சொல்லிச் சிரித்தேவிட்டாள்.

அடுத்த நாளும் வாடை அடித்தது. இந்த முறை யாரும் ஓடவில்லை. "அந்தக் கருமத்த வெட்டிப் பொதைடா," என்று பொன்னுரங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வின்சென்ட் கத்தியோடு கொல்லைக்குப் போனான். பூ துவண்டு கிடந்தது. இந்த இனத்துக்கு நாற்றமெல்லாம் ஒரே நாள்தான். குனிந்து முகர்ந்தான், ஈரமண் வாசனைதான் இருந்தது. வாடை ஏரிப் பக்கமிருந்து வந்தது.

அவன் திரும்பி வந்தபோது வாசலில் பொன்னுரங்கத்தோடு ரோஸ்மேரியும் நின்றிருந்தாள். "வெட்டிட்டியாண்ணா?"

"பூ நேத்தே வாடிடுச்சும்மா," என்றான்.

பொன்னுரங்கம் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படகை நோக்கி நடந்தார்.