சந்தனப் பொட்டும் பெல்வூட் எஞ்சினும்

கனடாவின் மொன்றியலில் அந்தப் பெல்வூட் எஞ்சினைவிடப் பிடிவாதம் பிடித்தது ஒன்று இருந்ததென்றால், அது பிரஷாந்தினிதான். கிழமை நாட்களில் அவளுக்கு சென்ட் லோரன்ட்டில் விமானத் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமையானால் பழைய விமானங்களைத் திருத்தும் சங்கத்தின் கொட்டகையில் சம்பளமில்லாத வேலை. அந்த வேலையில்தான் உயிரையே வைத்திருந்தாள்.

கொட்டகையில் நின்ற பழைய விமானமொன்றின் எஞ்சின் அது; ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சின்னக் கொம்பனி செய்தது. இடப்பக்கம் ஒரு சிலிண்டர், வலப்பக்கம் ஒரு சிலிண்டர், இரண்டு கையையும் அகல நீட்டிய ஆள் மாதிரி. கொஞ்சத்தைச் செய்துவிட்டுக் கொம்பனி கதவைச் சாத்திக்கொண்டது. இது இன்னும் பறக்கும் என்றாள் பிரஷாந்தினி. பறக்காது என்றார் சங்கத் தலைவர் மார்செல்.

அவரையும் குறை சொல்ல முடியாது. எஞ்சின் ஒவ்வொரு முறையும் அருமையாகத் தொடங்கும், கொட்டகை அதிர ஓடும், பிறகு இருமி விக்கி நின்றுவிடும். காபுரேட்டரைக் கழற்றிப் பூட்டி அவளுக்குக் கை அலுத்துப்போனது. பெற்றோல் குழாயையும் மாற்றிப் பார்த்தாள். ம்ஹும்! இன்றைக்கும் நின்றால் விமானத்துக்குப் புது எஞ்சின், பெல்வூட்டுக்குக் காட்சிக் கண்ணாடிப் பெட்டி என்று மார்செல் முடிவாகச் சொல்லிவிட்டார்.

கண்ணாடிப் பெட்டியாம்!

எந்த மெஷினையும் தொடக்குமுன் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பது அவளுடைய வழக்கம். பெல்வூட்டில் அதற்குத் தோதான இடம், மேலே பூட்டியிருந்த பெற்றோல் தாங்கியின் பித்தளை மூடி. நெற்றி மாதிரி வட்டமாய்ப் பளபளக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு. இன்றைக்கும் வைத்தாள், கொஞ்சம் பெரிதாகவே.

கணவன் றூபன் ஸ்விச்சைப் போட, அவள் புரொப்பெல்லரைச் சுழற்றிவிட்டாள். எஞ்சின் முழங்கியது. பிறகு இருமி, விக்கி, நின்றது.

மார்செல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். பிரஷாந்தினிக்கு வந்த ஆத்திரத்தில் காதுக் கவசத்தைக் கழற்றி வீசினாள்.

"பெற்றோல் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"போன கிழமையும் அதைத்தானே பாத்தனீர்?" என்றான் றூபன்.

"ஓம், பாத்தனான். திரும்பவும் பாக்கிறன்!"

இறுகிக் கிடந்த மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. இவ்வளவு நாளும் கவசத்துக்குள் கேட்காத சத்தம்.

மூடியை வெளிச்சத்தில் பிடித்தாள். பெற்றோல் இறங்க இறங்க, காற்று உள்ளே போவதற்கு நடுவில் ஒரு சின்னத் துவாரம் இருக்க வேண்டும். காற்றுப் போகாவிட்டால் பெற்றோலும் இறங்காது. துவாரத்தைக் காணவில்லை. காய்ந்து கல்லாய்ப் போன சந்தனம்தான் இருந்தது.

வெட்கத்தில் அவளுக்கு முகம் கொதித்தது. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்திச் சுரண்டினாள்.

"என்னப்பா, சந்தனமே அடைச்சது?"

"ஓம், நான்தான் அடைச்சது. சிரிக்கிறதெண்டா பேந்து சிரியுங்கோ. இப்ப ஸ்விச்சைப் போடுங்கோ."

மூடியைத் திரும்பப் பூட்டிப் புரொப்பெல்லரைச் சுழற்றிவிட்டாள். எஞ்சின் ஓடியது. இருமும் நேரம் வந்தது, இருமவில்லை. வாசலுக்குப் போன மார்செல் திரும்பி வந்தார். சத்தத்துக்கு மேலாக அவள் பிரெஞ்சில் கத்தினாள்: "பிழை எஞ்சினில் இல்லை, என்னில். பொட்டு வைத்துத் துவாரத்தை அடைத்தது நான். கண்ணாடிப் பெட்டிக்குள் என்னை வையுங்கள். இது பறக்கட்டும்!"

எஞ்சினை நிறுத்த அவள் ஸ்விச்சை நோக்கிக் கை நீட்டியபோது மார்செல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு," என்றார். "ஓடட்டும்."

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். இந்த முறை எஞ்சின் நின்றது, தாங்கியில் பெற்றோல் தீர்ந்த பிறகுதான்.