எட்டுக் கைக்காரிக்கு ஒரு பார்க்கிங்

டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த அந்த மனிதரை, அவரிடம் படித்தவர்கள் 'பெருமூச்சு வாத்தியார்' என்றுதான் சொல்வார்கள். அவர் யாரையும் திட்டியது கிடையாது. கியர் போடத் தெரியாமல் வண்டியைக் குதிரைபோலக் குதிக்க விட்டாலும், சிவப்பு விளக்கைக் கண்டுகொள்ளாமல் போனாலும், தன் பக்கத்து பிரேக்கை மெதுவாக அழுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான். அதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு, நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம்தான்: 'விண்துறைமுகம்' என்கிற டிவி தொடர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்க்கிறாள். அதில் வரும் கப்பல் வைத்தியருக்கு எட்டுக் கை. கவுன்ட்டரில் ஒருத்தர் டாக்டர் சீட்டை நீட்ட, இன்னொருத்தர் இருமல் மருந்தைப் பிடித்துக்கொண்டு சந்தேகம் கேட்க, அதே நேரம் போனும் அடிக்க, அந்த வைத்தியரை நினைத்துக்கொண்டுதான் அவள் எத்தனையோ சாயங்காலங்களை ஒப்பேற்றியிருக்கிறாள்.

வாத்தியார் அந்தத் தொடரை உட்கார்ந்து பார்த்ததில்லை. கடந்து போகும்போது பார்ப்பார். இரண்டு விண்கப்பல்கள் உரசுகிற மாதிரி போனால் மட்டும் நின்று, "இண்டிகேட்டர் போடாம திரும்புறான் பாரு" என்பார். பெருமூச்சு விடுவார். போய்விடுவார்.

அந்தத் தொடரின் ரசிகர் மாநாடு முதல்முறையாக அவர்கள் ஊருக்கு வந்தது. கண்காட்சி அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாள். வேஷம் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்று பேச்சு. மனைவியும் அவள் தங்கையும் விற்பனை தொடங்கிய அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டார்கள். தங்கைக்கு அழகு நிலையத்தில் வேலை. ஒட்டுவது, வெட்டுவது, சாயம் பூசுவது எல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. ஸ்பாஞ்சையும் கம்பியையும் வைத்து அக்காவுக்கு ஆறு கைகள் செய்தாள். நுனியில் மருந்துக் கடை ரப்பர் கையுறை. தோளிலிருந்து தூண்டில் நரம்பைக் கட்டி, சொந்தக் கையைத் தூக்கினால் அந்தப் பக்கத்து மூன்று கைகளும் கூடவே எழும்புகிற மாதிரி ஏற்பாடு. சோபாவில் காய வைத்திருந்த கை ஒன்றின்மேல் தெரியாமல் உட்கார்ந்த வாத்தியார், திடுக்கிட்டு எழுந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

"எல்லாம் சரி. வண்டிய எங்க நிறுத்தப் போறீங்க?" என்று அன்றைக்கே கேட்டார்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்க போய் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி.

தன் தொழிலையே யாரோ கேவலப்படுத்திவிட்டதுபோல் வாத்தியாருக்கு முகம் சுருங்கியது. "அங்க போய் பாத்துக்கலாம்னு சொன்னவங்க எல்லாம் இன்னும் அங்கதான் சுத்திட்டு இருக்காங்க. இத என்கிட்ட விடுங்க."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் சாப்பாட்டு மேஜையில் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. உப்பு ஜாடிதான் கண்காட்சி அரங்கம். கரண்டிகள் எல்லாம் சாலை. சர்க்கரை டப்பா அரங்கத்தை ஒட்டிய அடுக்குமாடி பார்க்கிங். யாராவது உப்பு கேட்டால், "அரங்கத்த நகர்த்தாத, வாசல் திசை மாறிடும்" என்பார். காலையில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்த மாடியில் லிப்ட் பக்கம், கைகளோடு மனைவி லிப்டில் நுழைவாளா அல்லது சரிவுப் பாதையில் நடக்க வேண்டுமா என்பதுவரை யோசித்தார். கடைசியில், மாநாட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டினார்.

"வேஷத்தோடயா?" என்றாள் மனைவி.

"வேஷம் இல்லாம போனா அது பேரு ஒத்திகை இல்ல. சும்மா ஊர் சுத்துறது."

ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல் காரைத்தான் எடுத்தார்கள். எட்டுக் கைக்காரி முன்சீட்டில் அடங்கவில்லை. கியர் எங்கே, கை எங்கே என்று தெரியாமல் போயிற்று. பின்சீட்டின் நடுவில் உட்கார வைத்தார்கள். தங்கை எந்திரப் பூனை வேஷத்தில், மீசையை ஜன்னலில் இடிக்காமல் ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள். சீட் பெல்ட் போடவே பெரும்பாடாகிவிட்டது. எந்தக் கைக்கு அடியில் விட்டாலும் இன்னொரு கைக்கு மேலே வந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். மனைவி மரியாதைக்குக் கையசைத்தாள். நான்கு கை அசைந்ததும் பெரியவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பார்க்கிங் வாசல்வரை திட்டம் பிசகவே இல்லை. சீட்டு கொடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வாத்தியார் அளந்து வைத்ததுபோல் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, பச்சைப் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மனைவிக்கு மூக்கு அரித்தது. அவள் கையைத் தூக்க, ஸ்பாஞ்சுக் கை ஒன்று அவர் காதோரமாகச் சீறிப் பாய்ந்து, இயந்திரத்தின் 'உதவி' பொத்தானைப் போய்க் குத்தியது. உடனே மணி அலறியது.

"கைய எடு."

"எதைங்க?"

அவள் கீழே இறக்கினாள். அது மறுபடி பொத்தானிலேயே பட்டது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். தடுப்புக் கம்பு தானாக மேலே போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த வாக்கில் வண்டியை முன்னால் எடுத்தார். 'டமார்' என்று தலைக்கு மேல் ஒரு சத்தம்.

காரின் உயரத்தை அளந்திருந்தார். காருக்கு மேலே இருக்கும் டிரைவிங் ஸ்கூல் போர்டை அளக்கவில்லை. அது உயரக் கட்டுப்பாட்டுக் கம்பியில் மோதிப் பிய்ந்துகொண்டு, பின்னால் போய் விழுந்தது.

யாரோ அதைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார்கள். பார்க்கிங் மேற்பார்வையாளர். சீருடை போட்ட இளம்பெண். போர்டில் இருந்த பெயரைப் படித்தவள், காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"சார். நீங்களா?"

வாத்தியாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவரிடம் படித்துப் படித்து, லைசென்ஸ் தேர்வில் தோற்றுத் தோற்றுத் திரும்பியவள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, "பஸ்ஸும் நல்ல வண்டிதாம்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

"ஓ... நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். போர்டு ரெண்டா உடையல, ஒரு ஓரம்தான். பின்னாடி யாரு, மேடமா? வணக்கம் மேடம்." எந்தக் கையைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னாள்.

வாத்தியார் இருந்த மானத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, ஒத்திகை பற்றி விளக்கினார். மூன்றாவது மாடி, லிப்டுக்கு எதிர்ப் பக்கம், காலை வெயில் விழாத மூலை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அருமையான திட்டம் சார். ஆனா மாநாட்டுக்கு இந்த பார்க்கிங் கிடையாது. கடை போடுறவங்க லாரிக்கு முழுசா கொடுத்தாச்சு. ஊருக்கு வெளியில ஒரு மைதானம் ஒதுக்கியிருக்கோம். அங்க கார விட்டுட்டு..." கொஞ்சம் தயங்கினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பஸ்ஸுல வரணும் சார்."

பின்சீட்டில் எந்திரப் பூனைக்கு இருமல் வந்தது.

வீடு திரும்பியதும் வாத்தியார் நேராக மேஜைக்குப் போனார். சர்க்கரை டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தார். ஒரு தட்டைக் கொண்டுவந்து மேஜையின் கோடியில் வைத்தார். அதுதான் மைதானம். தட்டுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே கரண்டிகளை மாற்றி அடுக்கினார்.

"பஸ்ஸுல கைய மாட்டிக்கிட்டு ஏற முடியாது. கழட்டித்தான் எடுத்துட்டுப் போகணும். ஆளுக்கு ரெண்டு கைன்னு மூணு பேரும் பிடிச்சுக்கலாம்."

"மூணு பேரா, அத்தான்?" என்றாள் தங்கை.

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது. மீசையைக் கழற்றும் சாக்கில் குளியலறைக்குள் போய்விட்டாள்.

வாத்தியார் கையில் பிடித்த கரண்டியோடு மனைவியைப் பார்த்தார். அவள் தோளிலிருந்த கைகளை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"ரெண்டு டிக்கெட்தாங்க எடுத்தோம். இப்ப எல்லாம் வித்துப் போச்சு."

"சரி."

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"அதான் சரின்னேனே."

"அது இல்லங்க." அவள் ஒரு கையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பாக்குறதப் பாத்துட்டு பெருமூச்சு விட்டுட்டுப் போவீங்க. இவ்வளவு வருஷமா. அங்க அவ்வளவு பேர் நடுவுல, நான் எட்டுக் கையோட நிக்கும்போது, பக்கத்துல நீங்க அந்த மூச்சு விட்டீங்கன்னா... என்னால தாங்க முடியாது."

வாத்தியாருக்கு மூச்சு வந்தது. வந்ததை அப்படியே உள்ளே பிடித்து வைத்துக்கொண்டார். மாணவர்களைப் பார்த்து விடுகிற மூச்சு ஒன்று உண்டு, அது வேறு என்றுதான் நினைத்திருந்தார். வீட்டிலும் அதேதான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஆளுக்கு மூணு கை பிடிச்சுக்குங்க" என்றார் கடைசியில். "நான் வண்டியில இருக்கேன். வெயிலுக்கு எந்தப் பக்கம் நிறுத்தணும்னு மட்டும் பாத்துக்கறேன்."

அவள் என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் உப்பு ஜாடியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது மைதானமாக இல்லை, சந்தையாக இருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் பாதி இடம் சேறு. வழிகாட்ட வேண்டிய ஆட்களில் பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். கொம்பு முளைத்தவர்களும் நீலத் தோல்காரர்களும் காருக்குள்ளிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த மேற்பார்வையாளர் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

வாத்தியார் அக்காவையும் தங்கையையும் கைகளோடு பஸ் ஏற்றிவிட்டு வந்து, காரில் உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்தார். ஒரு வரி ஓடவில்லை. எதிரில் ஒரு வேன் சேற்றில் நேராகப் போய் இறங்கியது. அதை எடுக்கப் போன கார் அதற்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. அவர் இறங்கிப் போய், "வலது பக்கம் ஒடிச்சு, மெதுவா" என்று மட்டும் சொன்னார். வேன் வெளியே வந்தது. பின்னால் வந்தவரை நிறுத்தி, குறுக்கே போகாதீர்கள் என்றார். அதற்குப் பின்னால் வந்தவர் தானாகவே கண்ணாடியை இறக்கி, எங்கே போகட்டும் என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் யாரோ அவர் தோளில் பளபளக்கும் மேல்சட்டை ஒன்றைப் போர்த்தினார்கள். மேற்பார்வையாளர் பெண்தான்.

"சார், இன்னைக்கு மட்டும். ப்ளீஸ்."

"நான் டிக்கெட் வாங்கலையேம்மா."

"இங்க எதுக்கு சார் டிக்கெட்?" என்று விசிலையும் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வாத்தியாருக்கு நேரம் போனதே தெரியவில்லை. காய்ந்த பக்கமாக வரிசை பிரித்தார். பஸ்ஸுக்கு ஒரு வழி விட்டார். ஆறடி இறக்கையோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்கும்படி ஓர இடமாகப் பார்த்துக் கொடுத்தார். எவ்வளவு மோசமாக ஓட்டி வந்தவனையும், "பரவால்ல, இன்னொரு தடவை வாங்க" என்று திரும்ப வரவைத்து, சரியாக நிறுத்திய பின்தான் விட்டார்.

மத்தியானம் பஸ் காலியாக இருந்ததால், கைகளைக் கழற்றாமலேயே அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மனைவி அதில் திரும்பி வந்தாள். உள்ளே அவளோடு நிறையப் பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லும் ஆசையும் இருந்தது. இறங்கிப் பார்த்தால் மைதானத்தின் நடுவில் ஒரு வரிசை நின்றது.

"இது எதுக்கு நிக்கிறீங்க?" என்று ஒரு நீலத் தோல்காரனைக் கேட்டாள்.

"துறைமுகக் காவலரோட படம் எடுக்க. அச்சு அசலா அவரேதான் அக்கா. அந்த முணுமுணுப்புகூட. எப்படித்தான் பழகினாரோ."

வரிசையின் கோடியில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எதற்குப் படம் எடுக்கிறார்கள் என்றே புரியாமல் விறைப்பாக நின்றிருந்தார் அவள் புருஷன். அவளுக்கு வந்த சிரிப்பில் நான்கு கைகள் வாயைப் பொத்தப் போயின.

ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"யாரு அந்தக் காவலர்?" என்றார்.

"ஒரே ஒரு எபிசோட்ல வருவார். எல்லா கப்பலையும் அவர் சொல்ற இடத்துலதான் நிறுத்தணும். அப்புறம் செத்துடுவார்."

"எப்படி?"

"ஒரு கப்பல் ரிவர்ஸ்ல வந்து இடிச்சிடும்."

வாத்தியார் மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அவன் பின்னாடி நின்னிருக்கக் கூடாது. கண்ணாடியில தெரியுற மாதிரி ஓரமா நிக்கணும்."

"எனக்கும் அப்பவே அதான் தோணிச்சு" என்றாள் அவள்.

அடுத்த நாளும் அவரையே வரச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது, கொஞ்ச தூரம் போனதும், கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் தொடங்கினாள். துறைமுகத்துக்கு முதல் கப்பல் வந்து நிற்கிறது என்றதும், எந்தப் பக்கமாக வந்து நிற்கிறது என்று கேட்டார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. வைத்தியர் கதைக்குள் வருவதற்கு முன்பே வீடு வந்துவிட்டது. வாத்தியார் இன்ஜினை நிறுத்தினார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. பின்சீட்டில் தங்கை ஸ்பாஞ்சுக் கைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப் போயிருந்தாள்.

"ம், சொல்லு" என்றார் அவர்.